வீடு விடும் கடிதம்: திகதியும் கையொப்பமும்



புது வீடு கிடைத்துவிட்டால் எங்கள் கவனம் முழுவதும் அங்கேயே போய்விடுகிறது. பிள்ளைக்குத் தனி அறை, சுவாமி அறைக்கு இடம், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று பார்க்கிறோம். பழைய வீட்டுக்கு ஒரு கடிதம் போட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். சுவிற்சர்லாந்தில் அந்த ஒரு கடிதம் ஒரு நாள் பிந்தியதால் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து மூன்று மாத வாடகை கட்டிய குடும்பங்கள் எங்களுக்குள் இருக்கின்றன. ஆகவே இம்மாத உரையில், வாடகை வீட்டை முறைப்படி விடுவது எப்படி, அதில் பிணக்கு வந்தால் எங்கே போவது என்று பார்ப்போம்.

ஊரில் வீட்டுக்காரரிடம் நேரே போய், "வாற மாதம் விடுறம் அண்ணை" என்று சொன்னால் பெரும்பாலும் அலுவல் முடிந்துவிடும். இங்கே வாய்ப்பேச்சுக்குப் பெறுமதி இல்லை. சுவிஸ் கடப்பாட்டுச் சட்டத்தில் 253ஆம் பிரிவிலிருந்து வாடகை பற்றிய விதிகள் வருகின்றன. இப்போதுள்ள வடிவம் 1990 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வீட்டை விடும் அறிவித்தல் எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். தொலைபேசி, சாதாரண மின்னஞ்சல், வாட்ஸ்அப் ஒன்றும் செல்லாது. பத்து வயதுப் பிள்ளையை விட்டு ஃபெர்வால்டுங்குக்கு, அதாவது வீட்டு நிர்வாகக் காரியாலயத்துக்குக் கதைக்க வைப்பதும், மறுமுனையில் ஒருவர் "யா, யா, குட்" என்று சொன்னதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வதும் எங்களிடம் உள்ள பழக்கம். அந்த "குட்" என்ற சொல்லை வைத்து எந்த இடத்திலும் வாதாட முடியாது.

எத்தனை மாதம் முந்தி?

வீட்டுக்குச் சட்டம் சொல்லும் ஆகக் குறைந்த அறிவித்தல் காலம் மூன்று மாதம். உங்கள் உடன்படிக்கையில் கூடுதலாக எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. ஆனால் மூன்று மாதம் மட்டும் போதாது. எந்த மாத முடிவில் விடலாம் என்பதும் முக்கியம். சில உடன்படிக்கைகளில் டிசெம்பர் தவிர்ந்த எல்லா மாத முடிவும் என்று இருக்கும். சிலவற்றில் மார்ச், ஜூன், செப்டெம்பர் முடிவு மட்டும் இருக்கும். ஒன்றும் எழுதாவிட்டால் அந்த ஊர் வழக்கம் பார்க்கப்படும். சூரிச் நகரத்தில் அது மார்ச், செப்டெம்பர் முடிவுகள். பேர்ண் நகரத்தில் ஏப்ரல், ஒக்டோபர் முடிவுகள். பாசல் நகரத்தில் டிசெம்பர் தவிர்ந்த எல்லா மாதமும். பாசலில் இருக்கும் மச்சான் சொன்ன திகதியை நம்பி சூரிச்சில் இருப்பவர் கடிதம் எழுதக்கூடாது. முதல் ஒரு வருடம் விட முடியாது என்ற நிபந்தனையும் பல உடன்படிக்கைகளில் உண்டு. அலுமாரிக்குள் இருக்கும் அந்தத் தாளை எடுத்து ஒருதரம் வாசியுங்கள். விளங்காவிட்டால் விளங்கியவரிடம் காட்டுங்கள்.

இனி, ஆகக் கூடுதலாகப் பணம் போகும் இடத்துக்கு வருவோம். கடிதத்தில் நீங்கள் போட்ட திகதியும் கணக்கில்லை, தபாற்கந்தோர் முத்திரையின் திகதியும் கணக்கில்லை. கடிதம் வீட்டுக்காரரின் கைக்கு எட்டிய நாள்தான் கணக்கு.

ஒரு உதாரணம் பாருங்கள். மாத வாடகை 1900 பிராங். உடன்படிக்கைப்படி மார்ச், ஜூன், செப்டெம்பர் முடிவில் விடலாம். ஜூன் 30இல் விட வேண்டுமென்றால் கடிதம் ஆகப் பிந்தி மார்ச் 31இல் கிடைத்திருக்க வேண்டும். குடும்பம் மார்ச் 30இல் பதிவுத் தபாலில் போடுகிறது. 31ஆம் திகதி தபால்காரர் போகிறார். காரியாலயத்தில் ஆள் இல்லை. மஞ்சள் துண்டைப் போட்டுவிட்டு வருகிறார். அந்தத் துண்டைக் கொண்டு தபாற்கந்தோரில் கடிதத்தை எடுக்கக்கூடிய முதல் நாள் ஏப்ரல் 1. ஆகவே கடிதம் கிடைத்தது ஏப்ரல் 1 என்றே கொள்ளப்படும். கடிதம் செல்லாமல் போவதில்லை. அடுத்த முடிவுத் திகதிக்குத் தள்ளிப்போகும். அடுத்தது செப்டெம்பர் 30. மூன்று மாதம், 5700 பிராங். ஒரு நாளுக்கு இது பெரிய விலை.

ஆகவே கடைசி நாளுக்கு இரண்டு கிழமையாவது முந்தி, ஐன்ஷ்றைபன் என்று சொல்லும் பதிவுத் தபாலில் போடுங்கள். தபாற்கந்தோர் தரும் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். நாள் நெருங்கிவிட்டதென்றால் காரியாலயத்துக்கு நேரே கொண்டுபோங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் பெற்றுக்கொண்ட திகதியும் கையொப்பமும் வாங்கிவாருங்கள். அதற்கு வெட்கப்படத் தேவையில்லை. அவர்களுக்கும் இது வழக்கமான விடயம்.

யார் கையொப்பம் இட வேண்டும்?

எங்கள் சமூகத்துக்கு இந்தக் கேள்வி மிகவும் பொருந்தும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பல குடும்பங்களில் முதலில் வந்தவர் கணவர். வீட்டு உடன்படிக்கை அவர் பெயரில் இருக்கும். மனைவி பின்னர் வந்திருப்பார். அவர் பெயர் தாளில் இராது. "என்ர பேரில உள்ள வீடு, நான் சைன் வைச்சால் காணும்" என்று நினைக்கலாம். காணாது. திருமணமான தம்பதியர் குடும்பமாக வாழும் வீட்டை, உடன்படிக்கை யார் பெயரில் இருந்தாலும், மற்றவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் விட முடியாது. சம்மதம் இல்லாத கடிதம் செல்லுபடியற்றது. மேலே சொன்னது போல அடுத்த திகதிக்குத் தள்ளிப்போவது கூட இல்லை. அது எழுதப்படாத கடிதத்துக்குச் சமம். ஆகவே இருவரும் கீழே கையொப்பம் இடுங்கள்.

இந்த விதி வெறும் சடங்கல்ல. கோபத்தில் ஒருவர் வீட்டை விட்டுப் போகும்போது, மற்றவரையும் பிள்ளைகளையும் ஒரு கடிதத்தால் வீதியில் விட முடியாதபடி செய்வதற்காகவே அது இருக்கிறது. எங்கள் பெண்கள் பலருக்கு இந்த உரிமை தங்களுக்கு உண்டு என்பதே தெரியாது.

இன்னொரு கையொப்பம் பற்றியும் சொல்ல வேண்டும். ஆரம்ப காலத்தில் அகதி விண்ணப்ப அட்டையோடு வீடு எடுப்பது கஷ்டமாக இருந்ததால், வேலையும் வதிவிட அனுமதியும் உள்ள ஒரு நண்பரோ உறவினரோ கூட்டு வாடகையாளராகக் கையொப்பம் வைத்துக் கொடுத்த வீடுகள் உண்டு. நல்ல மனதோடு செய்த உதவி. ஆனால் அவர் அந்த வீட்டில் ஒரு நாளும் படுத்திராவிட்டாலும், பெயர் தாளில் இருக்கும்வரை முழு வாடகைக்கும் அவரும் பொறுப்பு. வீட்டுக்காரர் யாரிடம் கேட்க விரும்புகிறாரோ அவரிடம் முழுத்தொகையையும் கேட்கலாம். வீட்டை விடும்போதும் கூட்டு வாடகையாளர்கள் எல்லோரும் சேர்ந்தே கையொப்பம் இட வேண்டும். அவர் இப்போது லண்டனில் இருந்தாலும் கனடாவில் இருந்தாலும் அதுதான் நிலை. கடிதத்தை அங்கே அனுப்பிக் கையொப்பம் பெற நாள் எடுக்கும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படி முன்பு கையொப்பம் வைத்துக் கொடுத்தவர்களும், தங்கள் பெயர் எந்தெந்த வீட்டில் இன்னும் இருக்கிறது என்று ஒருமுறை யோசித்துப் பார்ப்பது நல்லது.

பிரிந்து வாழும் தம்பதியருக்கும் இது பொருந்தும். இருவர் பெயரிலும் வீடு இருந்தால், ஒருவர் உடுப்புப் பெட்டியோடு வெளியேறியதால் அவருடைய பொறுப்பு தீர்ந்துவிடாது. விவாகரத்தின்போது நீதிமன்றம், பிள்ளைகள் போன்ற முக்கிய காரணங்களைப் பார்த்து, வீட்டு உடன்படிக்கையை ஒருவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கலாம். அதன் பின்னும் உடன்படிக்கை முடியும்வரை அல்லது முடிக்கக்கூடிய திகதிவரை, ஆகக்கூடியது இரண்டு வருடம், வெளியேறியவர் வாடகைக்குச் சேர்ந்து பொறுப்பாகவே இருப்பார்.

மூன்று பேர் தேவையா?

குறித்த திகதிக்கு முந்தியே போக வேண்டி வந்தால் என்ன செய்வது? அதற்குச் சட்டத்தின் 264ஆம் பிரிவு வழி விடுகிறது. உங்களுக்குப் பதிலாக வீட்டை எடுக்க ஒருவரை, ஜேர்மன் மொழியில் நாக்மீட்டர், நீங்கள் காட்டலாம். அவர் வாடகை கட்ட வல்லவராகவும், வீட்டுக்காரர் நியாயமாக மறுக்க முடியாதவராகவும், அதே வாடகைக்கும் அதே நிபந்தனைகளுக்கும் எடுக்கச் சம்மதிப்பவராகவும் இருக்க வேண்டும்.

மூன்று பேரைக் காட்ட வேண்டும் என்று எங்கள் ஆட்கள் மட்டுமல்ல, சுவிஸ்காரரும் சொல்வார்கள். சட்டத்தில் மூன்று என்ற கணக்கு இல்லை. தகுதியான ஒருவர் போதும். ஒருவர் கடைசி நேரத்தில் பின்வாங்கலாம் என்பதால் இரண்டு மூன்று பேரைக் காட்டுவது புத்தி. தகுதியான ஒருவரை வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொன்னாலும், அவர் குடிவரத் தயாராக இருந்த நாளிலிருந்து உங்கள் வாடகைப் பொறுப்பு நீங்கிவிடும். வெளிநாட்டவர் என்பது மட்டும் மறுப்பதற்குத் தகுந்த காரணம் ஆகாது. ஆனால் விசாரித்துப் பார்க்க வீட்டுக்காரருக்கு நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும். இன்று பெயர் கொடுத்து நாளை திறப்பைக் கொடுக்க முடியாது.

பெயர்களை எழுத்தில், பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அவருடைய சம்பளச் சான்று, கடன் அறவீட்டுப் பதிவின் சுத்தமான பிரதி, எந்தத் திகதியிலிருந்து எடுக்கத் தயார் என்று அவர் கையொப்பமிட்ட தாள் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினால் வாதத்துக்கு இடம் குறையும். திறப்பை நீங்களாகவே மைத்துனர் கையில் கொடுத்துவிட்டுப் போவது நாக்மீட்டர் காட்டுவது ஆகாது. அது சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டதாகப் போய் முடியும்.

கடைசி மாத வாடகை பற்றி ஒரு கெட்ட ஆலோசனை எங்கள் கடைகளிலும் கோயில் முற்றங்களிலும் சுற்றித் திரிகிறது: "கட்டாமல் விடு, டெப்போவில கழிக்கட்டும்." செய்யாதீர்கள். முற்பணம் வாடகைக்குப் பதில் அல்ல. கட்டாத தொகைக்கு வீட்டுக்காரர் பெட்றைபுங் போடலாம். அது கடன் அறவீட்டுக் காரியாலயப் பதிவில் ஏறினால், பெரும்பாலும் ஐந்து வருடம் வரை பிறர் கண்ணில் படும். அடுத்த வீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்பது அந்தப் பதிவின் பிரதியைத்தான். பிரஜாவுரிமை விண்ணப்பத்திலும் அதைப் பார்க்கிறார்கள்.

வீட்டுக்காரர் உங்களை எழும்பச் சொன்னால்

அவருக்குச் சட்டம் இன்னும் இறுக்கமானது. சாதாரண கடிதம் போதாது. மாநிலம் அங்கீகரித்த உத்தியோகபூர்வ படிவத்தில் அனுப்ப வேண்டும். குடும்ப வீடு என்றால் கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று தனித்தனி உறையில் அனுப்ப வேண்டும். ஒரே உறையில் இருவர் பெயரையும் எழுதி அனுப்பினால் அந்த அறிவித்தல் செல்லாது. ஒரே மாதிரி இரண்டு கடிதம் வந்தால் பிழையாக இரண்டு தரம் அனுப்பிவிட்டார்கள் என்று ஒன்றைக் குப்பையில் போடாதீர்கள். இரண்டு உறைகளையும் உறையோடு வையுங்கள்.

அறிவித்தல் கிடைத்து 30 நாட்களுக்குள் வாடகை இணக்கசபையில், ஜேர்மன் மொழியில் ஷ்லிக்டுங்ஸ்பெஹ்யோர்டே, எதிர்ப்புத் தெரிவிக்கலாம். அங்கே கட்டணம் இல்லை. சட்டத்தரணி கட்டாயம் இல்லை. வீட்டில் பூஞ்சணம் பிடித்ததைத் திருத்தச் சொல்லி நியாயமாகக் கேட்டதற்குப் பழிவாங்க எழுப்புகிறார்கள் என்றால் அறிவித்தலை ரத்துச் செய்யக் கேட்கலாம். காரணம் நியாயமாக இருந்தாலும், பிள்ளைகளின் படிப்பு, நோய், வீடு கிடைக்காத நிலை என்பவற்றைக் காட்டிக் கால நீடிப்புக் கேட்கலாம். வீடுகளுக்கு ஆகக்கூடியது நான்கு வருடம் வரை சட்டம் அனுமதிக்கிறது. நடைமுறையில் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். வீட்டுக்காரர் தன் சொந்தத் தேவைக்கு எழுப்புவதை இலகுவாக்க முன்வைத்த சட்டத்திருத்தத்தை 2024 நவம்பர் 24 வாக்களிப்பில் மக்கள் நிராகரித்ததால், அந்தப் பகுதியில் இருந்த பாதுகாப்பு குறையவில்லை.

இந்த 30 நாளை இழப்பதற்கு எங்களிடம் ஒரு பிரத்தியேகமான வழி இருக்கிறது. மஞ்சள் துண்டைக் கண்டால் பயம். பதிவுக் கடிதம் என்றால் கெட்ட செய்தி, எடுக்காவிட்டால் வராத மாதிரி என்ற எண்ணம். அகதி விண்ணப்ப முடிவுகளைக் காத்திருந்த காலத்தில் அந்தப் பயம் வந்தது. அதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் கடிதத்தை எடுக்காமல் விட்டாலும், எடுக்கக்கூடியதாக இருந்த நாளிலிருந்து 30 நாள் ஓடத் தொடங்கிவிடும். கடிதம் திரும்பிப் போய்விடும், காலமும் போய்விடும். எடுத்து வாசித்தால்தான் பதில் போடலாம்.

வாடகை நிலுவைக்கு வரும் கடிதம் வேறு. முதலில் 30 நாள் தவணை தந்து, கட்டாவிட்டால் எழுப்புவோம் என்று எழுதுவார்கள். அந்த 30 நாளுக்குள் முழு நிலுவையையும் கட்ட வேண்டும். பாதியும் போதாது, 31ஆம் நாளும் போதாது. அதன்பின் 30 நாள் அறிவித்தலோடு ஒரு மாத முடிவில் எழுப்ப முடியும். கால நீடிப்பும் இல்லை. கட்ட முடியாத நிலை என்றால் தவணைக்குள்ளேயே கெமைண்டேயின் சமூக உதவிப் பிரிவிடம் போங்கள்.

திறப்புக் கொடுக்கும் நாள்

சாதாரணமாக வாழ்ந்ததால் வந்த தேய்மானத்துக்கு வாடகையாளர் பணம் கட்டத் தேவையில்லை. படம் மாட்டிய இடத்தின் நிழல், கதிரை உராய்ந்த தடம், வெயிலில் மங்கிய நிறம் இவையெல்லாம் வாடகைக்குள் அடங்கியவை. ஆனால் சுவாமி விளக்குப் புகை படிந்து கறுத்த சுவர், மஞ்சள் ஊறிய சமையல் மேசை, எண்ணெய்ப் புகையால் ஒட்டுகிற அலுமாரிக் கதவு என்பவை சாதாரணத்துக்கு மிஞ்சியவை என்று சொல்வார்கள். அப்போதும் முழுச் செலவும் உங்கள் தலையில் விழாது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ஆயுட்காலம் உண்டு. வாடகையாளர் சங்கமும் வீட்டு உரிமையாளர் சங்கமும் சேர்ந்து அதற்கு ஒரு அட்டவணை வைத்திருக்கின்றன. ஒரு சுவர்ப்பூச்சின் ஆயுள் 8 வருடம் என்று வைத்தால், அது பூசி 6 வருடமான பின் நீங்கள் பழுதாக்கியிருந்தாலும் கால்வாசிச் செலவுதான் உங்களுடையது. 8 வருடம் தாண்டியிருந்தால் பூச்சின் பெறுமதி முடிந்துவிட்டது.

பார்வையிடும் நாளில் ஒரு தாள் நீட்டுவார்கள். அதில் கையொப்பம் இடுவது கட்டாயம் இல்லை. "செலவை ஏற்றுக்கொள்கிறேன்" என்ற பொருளில் ஒரு வரி இருந்து நீங்கள் கையொப்பம் வைத்தால், பிறகு ஆயுட்காலக் கணக்குச் சொல்லித் தப்புவது கடினம். ஏற்காத வரியை வெட்டுங்கள், அல்லது பக்கத்தில் "ஏற்கவில்லை" என்று ஜேர்மனிலோ பிரெஞ்சிலோ எழுதுங்கள். மொழி தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், பிள்ளையை அல்ல. உள்ளே வந்த நாளில் எழுதிய தாளும் கையில் இருக்கட்டும். எல்லா அறையையும், விசேஷமாகக் குளியலறையையும் குசினியையும் படம் எடுத்து வையுங்கள். கண்ணுக்குத் தெரியும் பழுதுகளை வீட்டுக்காரர் உடனடியாக, சில வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து "சுவரில் ஓட்டை" என்று கணக்கு அனுப்பினால் ஏற்கத் தேவையில்லை. தனியார் பொறுப்புக் காப்புறுதி இருந்தால் பல சேதங்களை அது ஏற்கும். திறப்புக் கொடுக்க முந்தியே அவர்களுக்கு அறிவியுங்கள்.

முற்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் இருக்க முடியாது. அது உங்கள் பெயரில் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் சம்மதித்தால் வங்கி உடனே தரும். அவர் சம்மதிக்காமல் இழுத்தடித்தால் இணக்கசபைக்குப் போகலாம். வீடு முடிந்து ஒரு வருடத்துக்குள் அவர் சட்டப்படி எந்தக் கோரிக்கையும் போடாவிட்டால், நீங்களே வங்கியில் கேட்டுப் பணத்தைப் பெறலாம். முற்பணத்துக்குப் பதிலாக டெப்போக் காப்புறுதி எடுத்தவர்களுக்குத் திரும்பிவர ஒன்றும் இல்லை. வருடாவருடம் கட்டியது கட்டணம், சேமிப்பு அல்ல. வீட்டுக்காரருக்குக் காப்புறுதி ஏதாவது கொடுத்தால் அதைப் பின்னர் உங்களிடம் அறவிடும். வீடு விட்டதும் அதை எழுத்தில் முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடத்துக்கும் பில் வரும்.

ஆலோசனைக்கு ஜேர்மன் பகுதியில் மீட்டர்ஃபெர்பாண்ட், பிரெஞ்சுப் பகுதியில் அஸ்லோகா என்ற வாடகையாளர் சங்கங்கள் இருக்கின்றன. வருடச் சந்தா கட்டி அங்கத்தவராகலாம். அங்கே போகும்போது உடன்படிக்கை, வந்த கடிதங்கள், அவை வந்த உறைகள் மூன்றையும் கொண்டு போங்கள்.